ஊதா விளக்கில் வைத்த மஞ்சள் கயிறு

மொட்டை மாடியில் வெயிலுக்கு வைத்திருந்த ரெசின் வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்த மஞ்சுளா அதைக் கை தவறிக் கீழே போட இருந்தாள். உள்ளே இருந்த தாலிக் கயிறு வெளுத்துப் போயிருந்தது.

கொஞ்சம் நிறம் மங்கியிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். நேற்றுக் காலையில் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு மஞ்சளாக இருந்த கயிறு அது. இப்போது நூல் கண்டிலிருந்து அப்போதுதான் அறுத்தெடுத்த மாதிரி இருந்தது. முடிச்சுகளின் இடுக்கில் மட்டும் கடுகளவு மஞ்சள். மற்றபடி, கண்ணாடியாக இறுகிய ரெசின் பிசினுக்குள் வட்டமாகச் சுருண்டு, வெள்ளை வெளேரென்று கிடந்தது.

வெயிலில் கண் கூசுகிறது, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்து வில்லையைத் துப்பட்டாவால் துடைத்தாள். படியிறங்கி அறைக்குள் வந்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். எந்த வெளிச்சத்தில் பார்த்தால் என்ன, வெள்ளை வெள்ளைதான்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. யாரும் எடுத்துக்கொடுக்காமல் தானாகக் கிளம்பி வந்தது. என் கை பட்டதால்தான்.

மஞ்சுளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கயிறு வெளுத்தது ஒரு அதிர்ச்சி என்றால், இந்த நினைப்பு தன் மண்டைக்குள்ளிருந்தே வந்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஊரில் எவளாவது இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று நாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தவள் அவள். கடைசியில் சொன்னது அவளேதான்.

நாலு வருஷத்துக்கு முன்பு தாரமங்கலம் ரோட்டில் அவள் புருஷன் முருகானந்தத்தின் பைக்கை ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு மஞ்சுளாவுக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. ஜலகண்டாபுரத்தில் கீழ்வீட்டில் கொழுந்தனார் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். மாடி அறை இவளுக்கு என்று ஆயிற்று. கீழே தறிச் சத்தம் தடதடவென்று அடிக்க, மேலே ஒருத்தி எத்தனை நாளைக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்? யூடியூபைப் பார்த்து ரெசின் வேலை கற்றுக்கொண்டாள். லாரிக்காரர்களுக்குச் சாமி படம் வைத்த சாவிக்கொத்து, டாக்டர் வீட்டுக்குப் பெயர்ப்பலகை, குழந்தைக்கு முதல் மொட்டை போட்ட முடியை வைத்து ஒரு டாலர் என்று பண்ணிப் போட்டதில் இன்ஸ்டாகிராமில் பெயர் பரவியது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி ஒருவர் வண்டிக்கு ஒன்றாகச் சாவிக்கொத்து வாங்கினார்.

ஆனால் கல்யாண மாலை மட்டும் வராது. சேலம் பக்கமெல்லாம் இப்போது கல்யாண மாலையின் பூவைக் காயவைத்து ரெசினில் ஊற்றி மாட்டுவதுதான் மோஸ்தர். விசாரிப்பார்கள், விலை கேட்பார்கள், அப்புறம், "இல்லீங்க, எடப்பாடில எங்க சொந்தக்காரப் புள்ள ஒண்ணு இது பண்ணுதுங்க, அதுகிட்டயே குடுத்துக்கறோம்" என்பார்கள். எடப்பாடியில் இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு சொந்தக்காரப் பிள்ளை எப்போது முளைத்தது என்று மஞ்சுளா கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

அப்படி இருக்கும்போதுதான் போன வாரம் இலக்கியா வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சென்னியம்மாளின் மருமகள், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிற பெண். அவள் புருஷன் சிவபிரகாஷ் போர் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டு மாதக்கணக்கில் கழித்து வருகிறவன். இலக்கியா கைப்பைக்குள்ளிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்தாள். அதற்குள் மஞ்சள் தடவிய தாலிக் கயிறு சுருட்டி வைத்திருந்தது.

"போன ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போயி கயிறு மாத்துனோமுங்கக்கா. எல்லாரும் பழைய கயித்த ஆத்துல உட்டாங்க. எனக்கு மனசே வரலீங்க. நா உட்டாப்புல கையக் காட்டிப்போட்டு பையில போட்டுக்கிட்டேன்." அவள் சிரித்தாள். "மொத வருசக் கல்யாண நாளுக்கு அவரு வாராரு. அவரு கட்டுன கயித்தயே அவருகிட்ட ஃப்ரேம் போட்டுக் குடுக்கோணும். பண்ணித் தருவீங்களா?"

மஞ்சுளா அந்தச் சிமிழைத் தொடவில்லை. "உங்கத்தைகிட்ட கேட்டியா அம்மிணி?" என்றாள்.

"அத்தைக்குச் சேலத்துக் கடையில குடுத்துருக்கறேன்னு சொல்லிக்கறேனுங்க. அவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க. எனக்கு அதெல்லாம் இல்லீங்கக்கா. உங்க வேலையப் பாத்துத்தான் வந்தேன்."

எதெல்லாம் இல்லை என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சிமிழை வாங்கிக்கொண்டு, அவள் ஸ்கூட்டி தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டு, மஞ்சுளா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், வெட்கக்கேடு. முப்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒரு பழைய கயிறு கைக்கு வந்ததற்காக அழுதாள் என்றால் வெளியே சொல்ல முடியுமா?

ரெசினில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இரண்டு பாட்டிலாக வரும். ரெசினையும் அதை இறுக்குகிற ஹார்டனரையும் அளந்து கலக்கி ஊற்றிவிட்டால், விளக்கும் வேண்டாம் வெயிலும் வேண்டாம், இருட்டறையில்கூடத் தானாக ஒரு நாளில் இறுகிவிடும். இன்னொன்று ஒரே பாட்டில், அதுவும் கறுப்புப் பாட்டில். வெளிச்சம் பட்டால் கெட்டியாகிவிடும் என்பதால் கறுப்பு. அதை ஊற்றி ஊதா விளக்கைக் காட்டினால் சில நிமிஷத்தில் கல்லாகிவிடும். விளக்கு இல்லாவிட்டால் நல்ல வெயிலே போதும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

கயிற்றை முதல் ஜாதியில் போடுவதாகத்தான் மஞ்சுளா நினைத்திருந்தாள். ஹார்டனர் தீர்ந்திருந்தது, கூரியரில் வரவேண்டியிருந்தது. அதற்குள் இலக்கியா ஃபோன் பண்ணினாள். வண்டி முன்கூட்டியே கிளம்பிவிட்டதாம், சிவபிரகாஷ் நாளை மறுநாளே வந்துவிடுவானாம். சின்னதுதானே, விளக்கு ரெசினிலேயே முடித்துவிடலாம் என்று மஞ்சுளா ஊற்றிவிட்டாள்.

மேலே இறுகியது. அடியில் இறுகவில்லை. கயிற்றில் அப்பியிருந்த மஞ்சள்பொடி, வெளிச்சத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு கீழே விடவில்லை. திருப்பிப் போட்டு விளக்கைக் காட்டினாள். கயிற்றை ஒட்டினாற்போலப் பிசுபிசுவென்றே இருந்தது. மறுபடி காட்டினாள். அதற்குள் கரண்ட் போயிற்று. சரி, அக்கினி நட்சத்திர வெயில் சும்மாதானே காய்கிறது என்று மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தாள். நேற்றுப் பகல் முழுக்க அங்கே இருந்தது. பார்க்கவே இல்லை. ராத்திரியும் எடுக்கவில்லை, இன்று காலை வெயில் ஏறும்வரை அங்கேயே விட்டுவைத்தாள். இன்றைக்கு வில்லை நன்றாக இறுகியிருந்தது. கயிறுதான் வெளுத்துவிட்டது.

தரையில் உட்கார்ந்திருந்த மஞ்சுளா தன் கைகளைப் பார்த்தாள். கையுறை மாட்டித்தான் வேலை செய்தாள், கயிற்றை நேராகத் தொடக்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்கும் தன்மேல் கோபம் வந்தது. உறை மாட்டியிருந்தால் தோஷம் ஒட்டாதா, மாட்டாவிட்டால் ஒட்டுமா? என்ன கணக்கு இது? கடவுளே, எனக்கு என்ன ஆகிவிட்டது?

எழுந்து முகத்தைக் கழுவினாள். கழுவும்போது கொடியில் தொங்கிய தன் பழைய நைட்டி கண்ணில் பட்டது. போன மாதம் குழம்பு கொட்டி மஞ்சள் கறையான நைட்டி. சோப்பு போட்டும் போகாமல் வெயிலில் இரண்டு நாள் போட்டதும் கறை இருந்த இடமே தெரியவில்லை. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து என்று எந்த வீட்டில் தெரியாது? இவளே எத்தனை தடவை செய்திருக்கிறாள்! தெரிந்த சங்கதி, வேளை வந்தபோது மறந்துபோயிற்று. தாலிக் கயிறு என்றதும் அது வெறும் நூலும் மஞ்சளும்தான் என்பது புத்தியில் ஏறவில்லை. அது வேறே ஏதோ, வெயிலுக்கெல்லாம் அடங்காத பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனாலும் நிச்சயமாகத் தெரிந்தாகவேண்டும். கீழே போய்ப் பருத்தி நூல் கொஞ்சம் எடுத்துவந்தாள். மஞ்சளைக் குழைத்துத் தடவி, மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, ஒரு துண்டை வெட்டி அதே கறுப்புப் பாட்டில் ரெசினை ஊற்றினாள். விளக்கைக் காட்டி இறுக்கி, அதன் ஒரு பாதியில் மட்டும் சாப்பாடு மடிக்கிற வெள்ளித்தாளைச் சுற்றி மூடினாள். மாடியில் கொண்டுபோய் வைத்தாள். திறந்த பாதி வெளுத்து மூடிய பாதி வெளுக்காமல் இருந்தால் அது வெயில். இரண்டும் வெளுத்தாலோ? அதை அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

இதற்கு நடுவில் கூரியர்க்காரன் வந்து கீழே நின்று கூப்பிட்டான். ஹார்டனர் வந்துவிட்டது. நேற்று வந்திருக்கக்கூடாதா சனியன்!

பெட்டியைப் பிரித்து பாட்டிலை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் மஞ்சள் தடவிய மீதி நூல் கிடந்தது. அப்போது இரண்டாவது நினைப்பு வந்தது. முதல் நினைப்பாவது பைத்தியக்காரத்தனம், இது திருட்டுத்தனம்.

கயிறு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்? இந்த நூலை அதே நீளத்துக்குத் திரித்து, அதே மாதிரி முடிச்சுப் போட்டு, வெளிச்சம் வேண்டாத ரெசினில் ஊற்றிவிட்டால் நாளை சாயங்காலத்துக்குள் இறுகிவிடும். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சிவபிரகாஷ் வாங்கிச் சுவரில் மாட்டுவான். சென்னியம்மாள் தினம் பார்த்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாள். யாருக்குத் தெரியப்போகிறது? இந்த வெள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன ஆகும்? புருஷன் ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போது வெள்ளைக் கயிற்றை ஒரு பெண்ணின் கையில் எப்படிக் கொடுப்பது? அதுவும் யார் கொடுப்பது? ஊரில் இவளுக்கு ஒரு சாவிக்கொத்து வேலைகூட மிஞ்சாது. அதுகூடப் போகட்டும். "எனக்கு அதெல்லாம் இல்லீங்கக்கா" என்று சொன்னவள் ஒருத்தி. அந்த ஒருத்தியும் போய்விடுவாள்.

மஞ்சுளா நூலைத் திரித்தாள். திரிப்பதுவரை கை சரியாகத்தான் இருந்தது. முடிச்சுக்கு வந்ததும் நூலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்றவை நாத்தனார் போடுவது. அவளுக்குத் தெரியாதா? அவள் கழுத்திலும் போட்டார்களே, பின்னாலிருந்து முருகானந்தத்தின் விரல் குளிர்ந்துபோய்ப் பிடரியில் பட்டதே! இப்போது அந்த முடிச்சுகளை அவள் போடுகிறாள். போடாதே, போடாதே என்று உள்ளே ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. போட்டுவிட்டாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அளந்து, கலக்கி, குமிழி வராமல் மெதுவாக ஊற்றி, கயிற்றை அதற்குள் அமிழ்த்தினாள். தேன் மாதிரித் தெளிந்த ரெசினுக்குள் மஞ்சள் கயிறு ஜம்மென்று உட்கார்ந்தது. நிஜத்தைவிட நன்றாகவே இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது மாடிக்குப் போய் வெள்ளித்தாளைப் பிரித்தாள். மூடியிருந்த பாதி மஞ்சள். திறந்திருந்த பாதி வெளிறி, சந்தன நிறத்துக்கு வந்திருந்தது. நடுவில் கோடு போட்டது போல இருந்தது.

மஞ்சுளா சிரித்தாள். பக்கத்து மாடியில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சிரித்துவிட்டாள். கை இல்லை, வெயில். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

நாளைக்கு வருவதாகச் சொன்ன இலக்கியா இன்றைக்கே வந்து நின்றாள். படியேறி வரும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கக்கா, பொறுக்க முடியல. எப்படி வந்துருக்குதுன்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போயிரலாமுன்னு வந்தேன். அவரு பெல்லாரி தாண்டிட்டாராம். காலைல பேசுனாரு."

மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் இலக்கியா மேசைக்குப் போய்விட்டாள். அச்சுக்குள் ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்து இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா! அப்படியே இருக்குதுங்கக்கா! கட்டுன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குதுங்க!"

வெள்ளைக் கயிறு மேசை ஓரத்தில் ஒரு துணிக்குக் கீழே இருந்தது. மஞ்சுளா ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். சும்மா நிற்கத்தான் பார்த்தாள்.

"அத்தை நேத்து எப்படியோ மோப்பம் புடிச்சுட்டாங்க," என்று இலக்கியா குனிந்து பார்த்தபடியே சொன்னாள். "ஏன்டி, போயும் போயும் அவகிட்டயா குடுத்தேன்னு ஒரே சத்தம். நா உட்டனா? அந்தக்கா கையாட்டம் சுத்தமான கை இந்த ஊர்லயே கெடையாதுன்னு சொல்லிப்போட்டேன். நாளைக்கு இதக் கொண்டுபோயி காட்டுறேன், அப்பப் பேசட்டும்."

சுத்தமான கை! மஞ்சுளாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. திட்டியிருந்தால் ஏமாற்றியிருப்பாள். இப்படி நம்புகிறவளை எப்படி ஏமாற்றுவது?

"இது உன்னோடது இல்ல அம்மிணி," என்றாள்.

இலக்கியா நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சுளா துணியை விலக்கி வில்லையை எடுத்து அவள் கையில் வைத்தாள். வைத்துவிட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கூரியர் வராதது, ஊதா விளக்கு, அடியில் இறுகாதது, வெயில், காலையில் பார்த்தது, பயத்தில் வேறு கயிறு திரித்து ஊற்றியது. பாதி மஞ்சளும் பாதி வெளுப்புமான சோதனைத் துண்டையும் எடுத்துக் காட்டினாள்.

"பாரு சாமி, மூடுன எடம் அப்படியே இருக்குது. வெயில் பட்ட எடந்தான் போயிருச்சு. மஞ்சக் கறை வெயில்ல போவுமில்ல, அதேதான். வேற ஒண்ணுமில்ல. சத்தியமா வேற ஒண்ணுமில்ல."

இலக்கியா அந்தத் துண்டைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "ஆமாங்கக்கா, வெயிலுதான்," என்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கை வெள்ளைக் கயிற்று வில்லையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தானாகப் போய்ச் சுடிதார் கழுத்துக்குள்ளிருந்த தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அந்தக் கையே ஃபோனை எடுத்துப் புருஷனுக்குப் போட்டது.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று புரியாத பாஷையில் ஒருத்தி சொன்னாள்.

"எடுக்க மாட்டேங்கறாருங்கக்கா." இலக்கியாவின் உதடு கோணியது. "எப்பவும் எடுப்பாருங்க. மொத ரிங்லயே எடுப்பாருங்கக்கா!"

"வண்டி ஓட்டிட்டு இருப்பாரு கண்ணு."

"அவரு ஓட்ட மாட்டாருங்க, டிரைவர் வேற ஆளுங்க."

முருகானந்தத்துக்கும் அன்றைக்கு மஞ்சுளா இப்படித்தான் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தாள். இலக்கியா மறுபடி மறுபடி அந்தப் பட்டனை அமுக்க, மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டு, மாரியாத்தா, அவன் எடுக்கட்டும், மாரியாத்தா, அவன் ஃபோனை எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெயில்தான் என்று அத்தனை நேரம் நிரூபித்தவள் வேண்டிக்கொண்டு நிற்கிறாள். கீழே தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போய் நிறுத்திவிட்டு வரலாமா என்று இருந்தது.

திடீரென்று ஃபோனில் ஒரு ஆண்குரல் எரிச்சலோடு வெடித்தது. அறைக்கே கேட்டது.

"என்னடி, குளிச்சிட்டு இருக்கறேன், இத்தன தடவ அடிக்கற? ஊட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா?"

"இல்லீங் மாமா. ஒண்ணுமில்ல. சும்மாதான்," என்றாள் இலக்கியா. சொல்லிவிட்டுக் கட் பண்ணி, நாற்காலியில் விழுந்து, கேவிக் கேவி அழுதாள். மஞ்சுளா பக்கத்தில் போனாள். தோளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். இலக்கியா வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். பயம் போன பிறகு அவள் பழையபடி சூட்டிகையான பெண்ணாகிவிட்டாள்.

"எனக்குத் தெரியுமுங்கக்கா, வெயிலுதான். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

மஞ்சுளாவுக்கு நிம்மதியாக இருந்தது. இவள் புரிந்துகொண்டாள், இவள் போகவில்லை என்று நினைத்தாள்.

இலக்கியா கையிலிருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத ஆத்துல உட்டரலாமுன்னா, இது கரையாதுங்களே?" என்றாள்.

"கரையாது. இனி அத ஒண்ணும் பண்ண முடியாது. ஒடைச்சாலும் கயிறு பிரியாது."

"எரிக்கவும் கூடாதுங்க, தாலிக் கயிறு." யோசித்தாள். பிறகு மேசைமேல் ஈரமாக இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினாள். "நா அத எடுத்துக்கறேனுங்கக்கா. நாளைக்குச் சாயங்காலம் இறுகிருமில்ல? அவருக்கு என்ன தெரியப்போவுது. அத்தை வாயும் அடையும்."

"அது அவரு கட்டுனது இல்லியே."

"பாக்க மஞ்சளா இருக்குதில்லீங்க?" வெள்ளை வில்லையை மேசைமேல் மெதுவாக வைத்து, மஞ்சுளாவின் பக்கம் நகர்த்தினாள். "இது எங்க ஊட்டுக்கு ஆவாதுங்க. இது நீங்களே வெச்சுக்கோங்க."

"நா எதுக்கு?"

"வேற யாரு ஊட்லயும் வெக்க முடியாதுங்களே." இலக்கியா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரலில் ஒரு துளி விஷம் இல்லை. அக்காவிடம் பேசுகிற பிரியத்தோடுதான் சொன்னாள். "உங்களுக்கு இனிமே ஆவறதுக்கு என்னங்கக்கா இருக்குது?"

வாரேங்கக்கா என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். ஸ்கூட்டி கிளம்பியது, தெருமுனை தாண்டியது. மஞ்சுளா நின்ற இடத்திலேயே நின்றாள். சென்னியம்மாள் திட்டியது காதுக்கு வந்தபோதுகூட வலிக்கவில்லை. இது வலித்தது. இது கோபத்தில் சொன்னதில்லை, குத்திக்காட்டச் சொன்னதில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பது போல, எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் அப்போது சொன்ன 'அதெல்லாம் இல்லை' என்பதற்கு இவ்வளவுதானா அர்த்தம்?

எனக்கு ஆவதற்கு ஒன்றுமில்லையா? முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது எனக்கு. அடிப்பாவி, எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று யார் உனக்குச் சொன்னது?

அவள் கையுறைகூட மாட்டவில்லை. அச்சுக்குள் விரலை விட்டாள். வெளிச்சம் வேண்டாத ரெசின், ஊற்றிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. கெட்டிப்பட ஆரம்பித்திருந்தாலும் இறுகவில்லை. கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வர மறுத்து, பிசின் இழை இழையாக நீண்டு, கடைசியில் முடிச்சுகளோடு கையோடு வந்துவிட்டது. அதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். மஞ்சள் விரலெல்லாம் ஒட்டியது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மரச் சட்டத்தை எடுத்தாள். வெள்ளைக் கயிற்று வில்லையை அதில் பொருத்தி, பின்னால் ஆணி அறைந்து, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே இலக்கியா என்று பெரிய எழுத்தில் எழுதினாள். நாளைக்குச் சாயங்காலம் அவள் வருவாள். அவள் புருஷன் கட்டிய கயிறு அவளுக்குக் கிடைக்கும். அதைத் தவிர இந்த வீட்டில் கொடுப்பதற்கு வேறு கயிறு இல்லை.